லேபர் வார்டுக்கு அடுத்த தியேட்டர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை ஒட்டிய சிற்றூர் மண்டகப்பட்டு. மகேந்திரவர்மனின் குடைவரையால் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பிடித்த ஊர். அதை விட்டுப் பார்த்தால், வயலும் பாறையுமாகக் கிடக்கும் மற்றச் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களைப் போன்றதுதான். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் வலி கண்டு, வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கினால், 108 வண்டி அவரை முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூடும். அங்கே வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கப்போகும் மருத்துவர் அநேகமாகப் பெண்ணாக இருப்பார். அதே இரவில் அதே ஊர் இளைஞர் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து, மண்ணீரல் கிழிந்து வந்து சேர்ந்தால், பக்கத்துத் தியேட்டரில் அவர் வயிற்றைத் திறப்பவர் பெரும்பாலும் ஆண். முண்டியம்பாக்கத்துக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை இது. தமிழ்நாட்டின் பெரிய அரசு மருத்துவமனை எதற்குப் போனாலும் ஏறக்குறைய இதே காட்சிதான்.

அறுவை சிகிச்சைத் துறைகளில் பெண்கள் ஏன் குறைவு என்று பேச்செடுத்தால் மூன்று பதில்கள் உடனே வந்துவிடும். ராத்திரி டியூட்டி கடினம். குடும்பத்தைப் பார்க்க முடியாது. உடம்பில் தெம்பு வேண்டும். மருத்துவக் கல்லூரிகளின் தாழ்வாரங்களில் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் காரணங்கள் இவை. மாணவிகளே இவற்றைச் சொல்வதுண்டு. ஆனால் பக்கத்து லேபர் வார்டை ஒருமுறை எட்டிப் பார்த்தால் மூன்றும் நிற்காது. மருத்துவத்தில் மகப்பேறுபோல ராத்திரியைத் தின்னும் துறை வேறு இல்லை. குழந்தை நேரம் பார்த்து வருவதில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய சராசரியான 21.5ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கருப்பை நீக்கம், சினைப்பைக் கட்டி, கருக்குழாய் வெடித்த கர்ப்பம், பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு என்று நொடியில் முடிவெடுத்துக் கத்தியை எடுக்கவேண்டிய வேலைகள் இதற்குமேல். இவ்வளவையும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். ஆகவே பெண்களால் அறுக்க முடியுமா, இரவில் விழித்திருக்க முடியுமா என்பதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன கேள்விகள். ஒரு துறையில் இவ்வளவும் செய்கிறவர்கள் அடுத்த தியேட்டருக்குள் ஏன் போகவில்லை என்பதுதான் மிச்சம்.

என் பதில் இதுதான்: 150 ஆண்டுகளுக்கு முன்பு பெண்களை மருத்துவத்துக்குள் அனுமதிக்கத் திறந்த வாசல், ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகத் திறந்தது. அந்தக் காரணமே பிற்பாடு அவர்களுக்கு எல்லையாகவும் ஆகிவிட்டது.

அந்த வாசல் திறந்தது சென்னையில். பாரிஸ்டரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண், இங்கே பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் சாவதை அறிந்தார். முதலில் பிரசவம் பார்க்கப் பயின்றார். அது போதாது என்று தெரிந்தபோது மருத்துவமே படிக்க வேண்டும் என்று கேட்டார். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபோர் ஆதரவாக நின்றார். 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர அமைப்புகளை அனுமதித்த சட்டமே 1876இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், சென்னை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும். 1878இல் தேர்ச்சி பெற்ற ஷார்லீப், லண்டன் போய் மேற்கொண்டு படித்துவிட்டுத் திரும்பினார். 1885இல் சென்னையில் தொடங்கிய ‘சாதி மற்றும் கோஷாப் பெண்கள்’ (கோஷா என்றால் பிற ஆண்கள் முன் வராமல் திரைக்குள் வாழும் வழக்கம்) மருத்துவமனையின் பின்னால் இருந்தவர் அவர். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். உள்ளூர்க்காரர்கள் பலருக்கு இன்னும் அது கோஷா ஆஸ்பத்திரி.

அதே 1885இல் வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டியின் பெயரால் நாடு தழுவிய நிதி ஒன்று உருவானது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டு சிகிச்சை அளிப்பது அதன் நோக்கம். 1914இல் பெண்கள் மருத்துவப் பணி என்ற தனி அமைப்பும் வந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் பெண்களுக்காக மட்டுமே. அங்கே ஆண் மாணவர்களைச் சேர்த்தது 1947இல்தான். இவற்றால் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அதில் மறுபேச்சு இல்லை. இந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் இந்தியப் பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய இன்னும் ஒரு தலைமுறை ஆகியிருக்கும். ஆனால் ஏற்பாட்டின் உள்ளே ஒரு நிபந்தனை இருந்தது. பெண் மருத்துவர் தேவைப்படுவது பெண் நோயாளிக்காக. பெண் நோயாளிக்கு அவர் தேவைப்படுவது முக்கியமாகப் பிரசவத்துக்காக. காகிதத்தில் யாரும் எழுதி வைக்காத நிபந்தனை. எழுதி வைத்திருந்தால் அடித்துத் திருத்தவாவது முடிந்திருக்கும்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மகப்பேறு மருத்துவம் பெண்களின் இயல்பான துறை என்று இன்று நம்புகிறோம். மருத்துவ வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. அதை நடத்திய பெருந்தலைகள் நெடுங்காலம் ஆண்களே. அந்த மரபில் வந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் எழுதி 1938இல் வெளிவந்த மகப்பேற்று நூலைப் படிக்காத மருத்துவ மாணவர் நம் ஊரில் இல்லை. பின்னர் அதில் சேர்ந்துகொண்ட கிருஷ்ண மேனனும் ஆண்தான். ‘முதலியார் – மேனன்’ என்றே அந்தப் புத்தகம் அறியப்படுகிறது. இன்று அதே துறையில் ஆண் பட்டமேற்படிப்பு மாணவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு துறை முழுவதுமாகக் கைமாற முடியும் என்றால், எந்தத் துறைக்கு யார் இயல்பானவர் என்பதில் உடற்கூறுக்குப் பங்கு மிகக் குறைவு.

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியை நாம் சட்டமன்ற உறுப்பினராகவும் தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவராகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் அவர் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அவர் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு மறு ஆண்டு வந்து சேர்ந்த வி. சாந்தாவும் மகப்பேறு, மகளிர் நோயியல் படித்தவரே. அரசு வேலைக்குத் தேர்வாகி எழும்பூருக்கு ஆணை வந்த நிலையில், அதை விட்டுவிட்டுப் புற்றுநோய் மருத்துவத்துக்கு வந்தார். திறந்திருந்த ஒரே வாசல் வழியாக நுழைந்து, உள்ளே போனபின் தன் வழியைத் தானே மாற்றிக்கொண்டவர்கள் இப்படிச் சிலர்.

நேராக அறுவை சிகிச்சைக்குள்ளேயே போனவர் டி.எஸ். கனகா. 1932இல் பிறந்தவர். 1954இல் எம்.பி.பி.எஸ்., 1963இல் பொது அறுவையில் எம்.எஸ்., 1968இல் நரம்பியல் அறுவையில் எம்.சி.எச். நடுவில் சீனப் போர்க் காலத்தில் ராணுவத்திலும் பணியாற்றினார். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர் அவர். ஆசியாவுக்கே முதலாமவர் என்று சொல்பவர்களும் உண்டு. சென்னையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம் ஆகியோருடன் சேர்ந்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு மூளையின் ஆழத்தில் குறிபார்த்துச் செய்யும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் இந்தியாவுக்கு வழிகாட்டிய குழுவில் ஒருவர். மூளைக்குள் நீண்ட காலம் இருக்கும்படி மின்முனை பொருத்தும் வேலையை 1970களிலேயே செய்தவர். ஓய்வுக்குப் பின் குரோம்பேட்டையில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவ அறக்கட்டளை நடத்தினார். 2018இல் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கடைசி வாக்கியத்தை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். அது அவருடைய சொந்த முடிவு. அதில் கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவரோடு பணியாற்றிய பெரிய ஆண் அறுவை மருத்துவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் திருமணம் ஆனவர்களா என்ற தகவலை யாரும் எழுதுவதில்லை. எழுதவேண்டிய தேவையும் வருவதில்லை. கனகாவைப் பற்றிய குறிப்புகளில் மட்டும் அந்தத் தகவல் வருகிறது. கத்தியை எடுக்க ஆசைப்படும் ஒரு மாணவி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு என்ன கணக்குப் போடுவாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை ஒருமுறை நாமும் போட்டுப் பார்க்கலாம். பதினெட்டு வயதில் சேர்ந்தால் ஹவுஸ் சர்ஜன் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். முடிக்க இருபத்துமூன்றரை. மேற்படிப்புக்கான நீட் தேர்வில் நல்ல ரேங்க் வாங்க ஓரிரு ஆண்டு. எம்.எஸ். மூன்றாண்டு. இன்றைய நிலையில் பொது அறுவையோடு நிறுத்திக்கொண்டால் நகரங்களில் மதிப்பில்லை என்பதால் மேலும் மூன்றாண்டு எம்.சி.எச். இடையில் அரசு ஒப்பந்தப் பணிக் காலம் வேறு. முப்பத்திரண்டு வயதில்தான் ஒருவர் சொந்தக் காலில் நிற்கும் அறுவை மருத்துவர் ஆகிறார். நம் குடும்பங்களில் பெண்ணுக்கு வரன் பார்ப்பது, திருமணம், முதல் குழந்தை எல்லாம் இந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான். மகப்பேற்றுத் துறைப் பெண்ணுக்கு எம்.எஸ். முடித்ததும், அதாவது இருபத்தெட்டிலேயே, ஊருக்குப் போய்ப் பலகை மாட்டிவிடலாம். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் நர்சிங் ஹோம் பலகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கணவர் எம்.எஸ்.; மனைவி எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ. (மகப்பேற்றுப் பட்டயம்). தமிழ்நாட்டின் சிறுநகர மருத்துவமே இந்தத் தம்பதி அமைப்பின் மேல்தான் பல பத்தாண்டுகள் நின்றது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய அமைப்பு அது, மதிப்போடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த அமைப்பில் மனைவி எலும்பு அறுவைக்கும் கணவர் பிரசவத்துக்கும் என்று மாறி அமைவது அரிதினும் அரிது. மருத்துவம் படித்த பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோரும் “ஓ.ஜி. (மகப்பேறு, மகளிர் நோயியல்) படித்தால் நம்ம ஊர்ல செட்டிலாகிடலாம்” என்றுதான் எண்ணுகிறார்கள்.

வீட்டுக்கு வெளியே, கல்லூரிக்குள் என்ன நடக்கிறது? மருத்துவம் படிக்க வரும் பெண்கள் இன்று சிறுபான்மை இல்லை. 2024இல் இளநிலை நீட் தேர்வுக்குப் பதிவு செய்த ஏறக்குறைய 24 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் அதிகமானோர் பெண்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், செஞ்சிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் படிக்கும் பெண்ணுக்கும் எம்.பி.பி.எஸ். எட்டாத கனவாக இல்லை. முதலாண்டு உடற்கூறியல் மேசையில் பிணத்தைக் கீறும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் கையில் வேற்றுமை தெரிவதில்லை. ஆர்வத்திலும் தெரிவதில்லை. நூல் பிரிவது பின்னால், வார்டுக்கு வந்தபிறகு.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில், சி.ஆர்.ஆர்.ஐ. என்று சொல்வார்களே, அப்போது சில வாரம் அறுவைப் பிரிவில் போஸ்டிங். தியேட்டரில் ஒரு கேஸ் போகிறது. குடலிறக்கம் என்றே வைத்துக்கொள்வோம். யூனிட் தலைவரான சீஃப் கேஸ் செய்கிறார், உதவிக்குப் பட்டமேற்படிப்பு மாணவரான பி.ஜி. நிற்கிறார். காயத்தின் விளிம்பை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்க ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. வேண்டும். “தம்பி, கை கழுவிட்டு வா” என்று ஒரு பையனைக் கூப்பிடுகிறார்கள். அந்த வேலையில் பெரிய கலை இல்லை. கை கடுக்கும், அவ்வளவுதான். ஆனால் ரிட்ராக்டர் பிடித்தவன் காயத்துக்கு உள்ளே பார்க்கிறான். விந்துக்குழாய் எங்கே, நரம்பு எங்கே என்று சீஃப் சொல்வது அவன் காதில் விழுகிறது. கடைசியில் தோலுக்குத் தையல் போடும் வேளையில் “நீ ரெண்டு போடு” என்று ஊசிப்பிடிப்பானை அவனிடம் கொடுக்கிறார்கள். மாணவியோ அந்த நேரம் வார்டில் கேஸ் ஷீட் எழுதுகிறாள், ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேகரிக்கிறாள். எழுத்து நன்றாக இருக்கும், பொறுப்பாகச் செய்வாள் என்பதால். பாராட்டாகவே சொல்லப்படுகிறது இது. போஸ்டிங் முடியும்போது ஒருவனுக்கு இருபது தையலும் மற்றவளுக்கு இருபது டிஸ்சார்ஜ் சம்மரியும் கணக்கில் இருக்கின்றன. பிறகு எந்தத் துறையில் ஆர்வம் என்று கேட்டால் இருவரும் உண்மையான பதிலைத்தான் சொல்வார்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. “நீ ஏம்மா கஷ்டப்படற, ஓ.ஜி. எடுத்துக்கோ, இல்லேன்னா டெர்ம் (தோல் மருத்துவம்) எடு” என்று சொல்லும் பேராசிரியர் அந்த மாணவியின் நல்லதுக்காகவே சொல்கிறார். தன் மகளுக்கும் அவர் அதையே சொல்வார். இந்தக் கரிசனத்தை எதிர்த்துப் பேசுவது வசையை எதிர்த்துப் பேசுவதைவிடக் கடினம்.

அறுவைப் பயிற்சியில் சேர்ந்தபின்னும் இந்த வேறுபாடு தொடர்கிறது. அமெரிக்கப் பயிற்சி மையங்களில் நடந்த ஆய்வுகள், ஒரே ஆண்டில் படிக்கும் ஆண், பெண் பயிற்சியாளர்களில் பெண்ணுக்குத் தியேட்டரில் தனித்துச் செய்யும் சுதந்திரம் குறைவாகவே தரப்படுவதைக் காட்டின. பட்டியலில் இருவர் பேரும் ஒரே கேஸில் இருக்கும். கத்தி எவ்வளவு நேரம் யார் கையில் இருந்தது என்பதுதான் வேறுபடும். பிரிட்டனில் 1991இல் அறுவைத் துறை கன்சல்டன்ட்களில் பெண்கள் நூற்றுக்கு 3 பேர்தான். முப்பது ஆண்டு முயற்சிக்குப் பிறகும் அந்த எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. அமெரிக்காவில் மகப்பேற்றுத் துறையில் பாதிக்கும் மேல் பெண்கள். எலும்பு அறுவையில் நூற்றுக்கு ஆறு பேரளவில்தான். பர்தாவும் கோஷாவும் இல்லாத நாடுகளிலும் அதே இடத்தில்தான் கோடு விழுகிறது என்பதால், நம் பண்பாட்டின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகரவும் முடியாது.

தெம்பு பற்றிய வாதத்துக்கு வேலூரில் ஒரு பதில் உண்டு. மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த கேரளப் பெண். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று அவருக்கு வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து தசைநாண்களை இடம்மாற்றித் தைத்தார் வர்கீஸ். பிறகு உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ. உடலின் பாதியை இயக்க முடியாத ஒருவர் நுட்பமான கை அறுவை செய்த மாநிலத்தில், ஒரு மாணவியின் உயரத்தையும் எடையையும் பார்த்துவிட்டு அவள் எலும்பு அறுவைக்குத் தாங்கமாட்டாள் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் தெம்பைவிடக் கருவிகளின் அளவுதான் சிக்கல். வயிற்றுக்குள் துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி கருவிகளின் கைப்பிடிகளும் குடலை இணைக்கும் ஸ்டேப்லர்களும் பெரிய உள்ளங்கையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 6 அல்லது 6½ அளவுக் கையுறை போடுகிறவர்களுக்கு அவற்றை ஒற்றைக் கையால் அழுத்துவது சிரமம் என்று 2004இலேயே அறுவை மருத்துவர்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. மேசையின் உயரம் குழுவில் உயரமானவருக்கு ஏற்றபடி வைக்கப்படுகிறது. குள்ளமானவர் படிப்பலகை தேடுகிறார். எலும்பு அறுவையில் எக்ஸ்ரே கதிரைத் தடுக்க அணியும் ஈய அங்கி பெண்ணின் அக்குளோரத்தைச் சரியாக மூடுவதில்லை. அமெரிக்காவில் பெண் எலும்பு அறுவை மருத்துவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டதை ஆய்வுகள் பதிவு செய்தபின்தான் இதைப் பற்றிப் பேச்சே எழுந்தது.

கர்ப்ப காலம் பற்றிய உண்மை இன்னும் கடுமையானது. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 692 பெண் அறுவை மருத்துவர்களிடம் கேட்டபோது, 42 விழுக்காட்டினர் ஒரு முறையாவது கருவை இழந்திருந்தார்கள். பொதுமக்களிடம் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தியேட்டரில் நின்றவர்களுக்குச் சிக்கல்கள் அதிகம். இதைக் காட்டி “அதனால்தான் வேண்டாம் என்கிறோம்” என்பார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். கர்ப்பிணியை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் தியேட்டரில் நிற்கவைக்காத டியூட்டிப் பட்டியல் போடுவது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டமேற்படிப்பு விதிகள் மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பையும், எல்லா மாணவர்களுக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வையும், நியாயமான பணி நேரத்தையும் சொல்கின்றன. விடுப்பில் போகும் பி.ஜி.யின் டியூட்டியை யார் பார்ப்பது என்பதை மட்டும் விதி சொல்வதில்லை. மீதியிருக்கும் இரண்டு பி.ஜி.க்கள் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு ஒரு பெண் அந்த யூனிட்டுக்கு வரும்போது அவர்கள் முகம் சுளிப்பது இந்த ஏற்பாட்டிலிருந்து வருவது. அவர்கள் மனத்தின் கோணலிலிருந்து அல்ல. பதிலாள் ஒருவரை நியமித்தால் அந்தச் சுளிப்பு போய்விடும்.

இரவுப் பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட டியூட்டிக்கு நடுவே ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் கொலையுண்டபோது நாடே கொதித்தது. அதன்பின் மேற்கு வங்க அரசு, முடிந்தவரை பெண்களுக்கு இரவுப் பணி தர வேண்டாம் என்றது. உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் அதைக் கண்டித்தது. பெண்கள் கேட்பது சலுகையை இல்லை, பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்றது. நீதிமன்றம் சொன்னது சரி. இரவு டியூட்டியிலிருந்து பெண்களை விலக்கினால் முதலில் மூடவேண்டியது லேபர் வார்டு. அதை யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. லேபர் வார்டை ஒட்டிப் பெண்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள டியூட்டி அறையும் கழிப்பறையும் இருக்கும். அறுவை, எலும்புப் பிரிவுகளில் பல இடங்களில் ஒரே டியூட்டி அறை, அதில் நான்கு ஆண்கள். அங்கே சேரும் ஒற்றைப் பெண் பி.ஜி. எங்கே தூங்குவாள் என்பது மேற்படிப்பு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு நாளில் மிக முக்கியமான கேள்வி. வெளியில் யாரும் இதைப் பேசுவதில்லை. மாணவிகள் தங்களுக்குள் விசாரித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

இதனால் யாருக்கு நட்டம்? மாணவிகளுக்கு என்பது வெளிப்படை. ஆனால் மண்டகப்பட்டுப் பெண்ணுக்கும் நட்டம். அவருக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று வையுங்கள். அவர் போகவேண்டியது மகளிர் பிரிவுக்கு இல்லை, பொது அறுவைப் பிரிவுக்கு. மூலம், பவுத்திரம், தொடையிடுக்கில் இறக்கம் என்றாலும் அங்கேதான். அந்த ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாக ஆண்கள். கூச்சத்தால் தள்ளிப்போடுகிறார், வலிக்காத கட்டிதானே என்று ஓராண்டு போகிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுக்கு. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒரு முறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பதை மேலே சொன்ன குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அன்று மேரி ஷார்லீப் பிரசவத்தில் கண்ட அதே கூச்சம், அதே தயக்கம், இன்றும் மார்புக் கட்டிக்கு அப்படியே இருக்கிறது. பெண் நோயாளிக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற பழைய நியாயத்தை நாம் மனமார நம்பியிருந்தால், நூறாண்டுக்கு முன்பே பொது அறுவைப் பிரிவுகளுக்குப் பெண்களை அனுப்பியிருக்க வேண்டும்.

பிழைப்பதிலும் வேற்றுமை உண்டு என்று கனடாவிலிருந்து தொடர்ந்து ஆய்வுகள் வருகின்றன. ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில், பெண்கள் அறுவை செய்தவர்களிடையே முப்பது நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு சற்றுக் குறைவு. பதின்மூன்று லட்சம் பேரைப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, ஆண் மருத்துவர் அறுவை செய்த பெண் நோயாளிகளுக்குச் சிக்கல்களும் இறப்பும் கூடுதல் என்றது. வேற்றுமை சிறியது, காரணமும் கைத்திறனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அறுவைக்கு முன்பு நோயாளி சொல்வதைக் கேட்பது, பின்பு வலி என்று சொன்னால் நம்புவது இவற்றில் இருக்கலாம். பெண்கள் உயர்ந்த அறுவை மருத்துவர்கள் என்று நிறுவ இந்த ஆய்வுகளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் கத்தி போனால் நோயாளிக்கு ஆபத்து என்று இன்னும் எங்கோ உள்ளூர இருக்கும் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதற்கு இவை போதும்.

மகப்பேற்றுத் துறையை விரும்பி எடுக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டின் தாய்மார் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிட வெகுவாகக் குறைந்திருப்பதற்கு அவர்கள் உழைப்பு பெரிய காரணம். அவர்களில் எத்தனை பேர் எல்லாக் கதவும் திறந்திருந்தாலும் அங்கேயே போயிருப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நாம் ஏற்படுத்தவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பட்டமேற்படிப்பு மாணவரின் செயல்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு அறுவைக்கும் எதிரே பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று குறிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. துறைத் தலைவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவேடுகளை ஆண், பெண் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சி.ஆர்.ஆர்.ஐ.க்களுக்கும் அதே பதிவேட்டைக் கொடுத்து, போஸ்டிங்கில் குறைந்தது இத்தனை கேஸுக்குக் கை கழுவி நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் கட்டாயமாக்கலாம். அப்போது கூப்பிடுவது சீஃபின் பழக்கத்தைப் பொறுத்ததாக இருக்காது. அறுவை, எலும்புப் பிரிவுகளில் பெண்களுக்குத் தனி டியூட்டி அறை இல்லாத கல்லூரியை ஆய்வுக்கு வரும் ஆணையக் குழு குறையாகப் பதிவு செய்யலாம். கருவிகள் வாங்கும்போது சிறிய கைப்பிடிகளையும், அக்குளை மூடும் ஈய அங்கிகளையும் கொள்முதல் பட்டியலில் சேர்க்கலாம். ஆண்டுதோறும் மேற்படிப்பு இட ஒதுக்கீடு முடிந்ததும், எந்தத் துறையில் எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள், மூன்றாண்டுக்குப் பின் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதைக் கல்லூரிவாரியாக அரசு வெளியிடலாம். முண்டியம்பாக்கத்தில் அடுத்த ஆண்டு ஹவுஸ் சர்ஜன் ஆகப்போகும் மாணவி, கலந்தாய்வுக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.